சுவரைப் பார்த்து ஒரு டேக்

ஜூன் 9, திங்கள்

தினமும் இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் தொண்டை டாக்டர். காலையில் குரல் எப்படி, மாலையில் எப்படி, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு பேசினேன். குரல் நாணில் ஒரு தடிப்பு இருக்கிறதாம். கேமராவை உள்ளே விட்டுக் காட்டினார். வெள்ளரி விதை போல இருந்தது.

"சத்தம் போட்டுப் பேசுற வேலையா?"

"டப்பிங்."

"யாருக்குப் பேசுறீங்க?"

"பத்து வயசுப் பையனுக்கு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குழந்தைகள் சேனலில் எட்டு வருடமாக ஓடும் 'குமிழூர் டப்பு' கார்ட்டூனில் டப்பு நான்தான். தொடர் வெளிநாட்டுச் சரக்கு. ஊருக்கும் பையனுக்கும் தமிழில் பெயர் வைத்தவர் எங்கள் டப்பிங் இயக்குநர் ஏகாம்பரம் சார். ஒவ்வொரு வாரமும் குமிழூர் அடியோடு அழியும். நிலநடுக்கம், சூறாவளி, வெட்டுக்கிளி, எரிமலை. அடுத்த வாரம் ஓர் ஓடுகூட நகராமல் அதே ஊர் அப்படியே நிற்கும். டப்பு கத்துவான், ஓடுவான், யாரையாவது காப்பாற்றுவான். டாக்டரின் சீட்டில் 'கத்தக்கூடாது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது.

ஏகாம்பரம் சாரிடம் சொல்லவில்லை. சொல்லும்படி இதில் ஒன்றுமில்லை. சீசன் முடிய இன்னும் சில எபிசோடுகள்தான்.

காலை கரகரப்பு. மாலை பரவாயில்லை. காபி குடிக்கவில்லை. கீரை ஆய்ந்தேன்.

ஜூன் 12, வியாழன்

அணை உடையும் எபிசோடு. என் பகுதி மதியத்துக்குள் முடிந்தது. வெயில் தாழட்டும் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக் கன்சோல் அறையிலேயே உட்கார்ந்து கூட்டக் குரல் எடுப்பதைப் பார்த்தேன்.

கூட்டம் என்றால் ஐந்து பேர். முதல் டேக் மைக்குக்குப் பக்கத்தில் நின்று. இரண்டாவது நாலடி தள்ளி. மூன்றாவது மைக்குக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் ஊரே அலறுகிற மாதிரி இருக்கும். கதாநாயகக் குரல் பேசுகிறவர்கள் கூட்டத்தில் நிற்பதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை, நிற்பதில்லை, அவ்வளவுதான். டப்பு கிடைத்த பிறகு நான் சுவரைப் பார்த்து நின்றதில்லை.

கூட்டத்துக்குப் பேப்பரில் வசனம் கிடையாது. 'அலறல்' என்று மட்டும் இருக்கும். எந்த அழிவு வந்தாலும் ஓடுங்க, காப்பாத்துங்க, அய்யய்யோ, இந்த மூன்றுதான். கோதண்டம் அண்ணன் தன் பங்குக்கு ஒரு நாயைச் சேர்ப்பார். இன்று ஜெசிந்தா என்ற பெண், சேர்ந்து ஒரு வருடம் இருக்கும், தண்ணீர் ஊருக்குள் நுழையும் இடத்தில், பக்கத்து அறைக்குக் கேட்கிற குரலில், "அடுப்ப அணைச்சியா?" என்றாள்.

ஏகாம்பரம் சார் நாற்காலியில் நிமிர்ந்தார். "முபாரக், அத வச்சுக்க." முபாரக் ஒலிப்பதிவாளர். அவன் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தான்.

"அணை உடைஞ்சு வரப்ப யாராவது அடுப்பக் கேப்பாங்களா சார்?" என்றேன்.

"அதத்தாம்மா கேப்பாங்க."

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் இன்று. மாலை தொண்டை எரிச்சல்.

ஜூன் 13, வெள்ளி

வெந்நீர். ஆவி பிடித்தேன். பேச்சைக் குறைத்திருக்கிறேன். நல்ல வைத்தியம், முப்பது வருடம் முன்பே ஆரம்பித்திருக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர்.

ஜூன் 24, செவ்வாய்

போன மாதம் பதிவான எரிமலை எபிசோடு ஞாயிறன்று ஒளிபரப்பானது. அதிலிருந்து ஒரு துண்டை யாரோ வெட்டிப் போட்டு, அது எல்லோர் போனிலும் சுற்றுகிறது. எரிமலைக் குழம்பு தெருவில் வழிந்து வர, கூட்டம் ஓடுகிறது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், ஜெசிந்தாவுடையது: "செருப்ப விடுடி. விட்டுட்டு வா."

அவ்வளவுதான். அதற்கு இத்தனை லட்சம் பேர். கீழ் வீட்டுப் பெண் பள்ளி வேன் வந்ததும் மகளிடம் அதையே சொல்கிறாள். என் வீட்டுக்காரர் பேருந்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எளிதில் சிரிக்கமாட்டார். அவரே மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "யாரு இது, நம்ம டப்பிங் தியேட்டர் பொண்ணா? பிரமாதம்" என்றார்.

அதே காட்சியில் டப்பு எரிமலை விளிம்பிலிருந்து இரண்டு பேரை இழுத்து மேலே போடுகிறான். மூச்சு விடாமல் பேசியிருக்கிறேன். அந்தத் துண்டில் அது பின்னால் லேசாகக் கேட்கிறது, மிக்சி ஓடுகிற மாதிரி.

எனக்கு அந்தப் பெண் மேல் எதுவும் கிடையாது.

குரல் காலையும் மாலையும் சுமார். ரசம் சாதம்.

ஜூலை 1, செவ்வாய்

டீ இடைவேளையில் ஜெசிந்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பத்து நாலு, முப்பத்தைந்து இருக்கும். ஒல்லி. தியேட்டருக்குள் செருப்புப் போடக்கூடாது என்பதால் எல்லோரும் வாசலில் உதறிவிட்டு உள்ளே போவோம். அவள் மட்டும் குனிந்து, தன்னுடையதைத் தனியாக, வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பாள். பார்க்க எரிச்சலாக இருக்கும். நாங்களெல்லாம் என்ன குப்பையா போடுகிறோம்?

"இந்த வரியெல்லாம் எங்கேர்ந்து பிடிக்கற ஜெசி? வீட்ல எழுதி வச்சுட்டு வருவியா?"

"எழுதறதில்லக்கா. வாயில வருது."

"அப்படிச் சும்மா வருமா?"

அவள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஜமா ஓடுறப்ப யாரும் காப்பாத்துங்கன்னு கத்த மாட்டாங்கக்கா. யாரு வந்து காப்பாத்தப் போறா? கேஸு, சாவி, செருப்பு, இதான் பேசுவாங்க."

கோதண்டம் அண்ணன், "நான் ஓடுனா என் பல்செட்டத் தேடுவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

வாயில வருதாம்.

ஜூலை 4, வெள்ளி

சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சில வரிகள் சொல்லிப் பார்த்தேன். "பால மூடி வச்சியா?" "மொட்டமாடித் துணிய யாரு எடுக்கறது?" வெளியிலிருந்து இவர், "யார் கூட சண்ட போடற?" என்றார்.

சண்டை போடவில்லை, குமிழூர்க் கூட்டத்தோடு சாகப் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தொண்டை மிச்சம்.

ஜூலை 10, வியாழன்

விண்கல் எபிசோடு. "எல்லாரும் கோயிலுக்குப் பின்னாடி போங்க" என்கிற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஏசிக் காற்று என்றேன். முபாரக் ஏசியை நிறுத்தினான். மறுபடியும் பிளந்தது. எப்படியோ ஒட்டுப்போட்டு எடுத்தோம். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். நன்றாக வந்தால் அவன் விரலைக் காட்டுகிற வழக்கமில்லை.

மறந்துவிட்ட கைப்பையை எடுக்கத் திரும்பிப் போனபோது ஏகாம்பரம் சாரின் குரல் கேட்டது. அடுத்த சீசனுக்குச் சேனல்காரர்கள் எல்லாக் குரலையும் புதிதாகச் சோதிக்கப் போகிறார்களாம். "ஜெசிந்தாவ டப்புக்கு ஒரு டெஸ்ட் எடுத்து வச்சிரு. கைவசம் இருக்கட்டும்."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குடை அங்கேயே இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

சாருக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் கடைசி எபிசோடு, ராட்சத அலை. கடற்கரையில் டப்பு தன் தோழி மினியைக் கூப்பிடுகிறான். பேப்பரில் 'சீக்கிரம் வா மினி, ஓடு' என்று இருக்கிறது. அதற்குப் பதில் டப்புவே "செருப்ப விடுடி. விட்டுட்டு வா" சொல்லட்டும் என்றேன். வாயசைவும் சரியாக வருகிறது, பார்த்துவிட்டேன். ஜனங்களுக்குப் பிடித்துப்போன வரி, கூட்டத்தில் கிடந்து வீணாவதைவிட ஹீரோ வாயில் இருப்பது தொடருக்கு நல்லது.

சார் யோசித்தார். "ஜெசிந்தா கிட்ட ஒரு வார்த்த சொல்லிடறேன்."

"கூட்டத்துல சொன்னதுக்கெல்லாம் பர்மிஷன் கேப்பீங்களா சார்?"

"இல்ல, மரியாதைக்கு."

இது தொழில் சம்பந்தப்பட்ட யோசனை. நான் வேறு எதையும் நினைக்கவில்லை. காலை எழுந்ததிலிருந்து குரல்கூடத் தெளிவாக இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

அலை எபிசோடு முடிந்தது.

நான் உள்ளே போகும்போது ஜெசிந்தா கன்சோல் அறைச் சோபாவில் கூட்டக் குரலுக்காகக் காத்திருந்தாள். சார் அவளிடம் சொல்லியிருப்பார் போல. எழுந்து நின்று, "சொல்லுங்கக்கா" என்றாள். என்ன சொல்லச் சொல்கிறாள் என்று ஒரு கணம் புரியவில்லை.

அந்த வரிக்குப் பதினாலு டேக் போனது. முதலில் பயந்து சொன்னேன். அப்புறம் அதட்டிச் சொன்னேன். அழுது சொன்னேன். சார் ஒவ்வொரு தடவையும், "நல்லாருக்கும்மா, இன்னொண்ணு" என்றார். எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ நிமிர்ந்து பார்த்தபோது சோபா காலியாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். கடைசியில் சார் ஒரு டேக்கைத் தேர்ந்தெடுத்தார். எதை என்று கேட்கவில்லை.

கூட்டக் குரல் எடுக்க முடியவில்லை. ஜெசிந்தாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் போய்விட்டாள் என்றான் முபாரக். மற்றவர்களும் கலைந்துவிட்டார்கள்.

வெளியே வந்தால் அவள் செருப்பு வாசலிலேயே இருக்கிறது. தனியாக, வெளிப்பக்கம் பார்த்து. செருப்பை மறந்துவிட்டு வெறுங்காலோடு இந்த வெயிலில் சாலிகிராமத் தெருவில் யார் நடப்பார்கள்? கவனமே இல்லாத பெண். காவலாளி கூட்டித் தள்ளிவிடுவான் என்று கோதண்டம் அண்ணன் சொன்னதால் ஒரு பையில் போட்டு எடுத்து வந்தேன். பால்கனியில் வைத்திருக்கிறேன். என் கால் அளவுதான்.

குரல் சுத்தமாக இல்லை.

ஜூலை 18, வெள்ளி

காலையில் முபாரக் போன் செய்தான்.

"அக்கா, ஜெசிந்தாவுக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு. ஊரு நாகப்பட்டினம் பக்கம், கடற்கரைக் குப்பம்."

போனோடு பால்கனிக்குப் போனேன்.

"சுனாமி அன்னிக்கு ரெண்டு பேரும் கடற்கரையில இருந்துருக்காங்க. சின்னது செருப்ப எடுக்கத் திரும்பிப் போயிருச்சு. அந்த வரி இவ அதுக்குச் சொன்னதுக்கா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். காற்றுதான் வந்தது, அவனுக்குப் புரிந்தது.

"எரிமலை எபிசோடு எடுத்த அன்னிக்கே தெரியும். டேக் முடிஞ்சு வெளிய போயி உக்காந்துட்டா. டீ வாங்கிக் குடுத்தேன், சொன்னா. அத எடுத்துரவான்னு கேட்டேன். இருக்கட்டும்னா. அப்புறம் அந்தக் கிளிப்பு ஊரெல்லாம் சுத்துச்சில்ல, அப்பவும் கேட்டேன். எல்லாரும் அவங்கவங்க புள்ளையக் கூப்புடறாங்க, சொல்லிட்டுப் போகட்டும்னா."

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தெரியாமல் செய்ததை என்னவென்று சொல்வது?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். முபாரக் சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு இதுதான்: அவளுக்கு வாயில் வருவதற்கு ஒன்று நடந்திருக்கிறது, எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஐம்பத்து நாலு வயதில், அதற்காகவும் அவளைப் பார்த்து வயிறு எரிந்தது. எழுதிவிட்டு அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை. டாக்டர் இதையெல்லாம் படிக்கப் போவதில்லை.

ஜூலை 21, திங்கள்

மழை. செருப்பை உள்ளே எடுத்து வைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

இரண்டு செய்தி. தொண்டை விதை பெரிதாகியிருக்கிறது, இரண்டு மாதம் வாயைத் திறக்கக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் ஏகாம்பரம் சார் போன். இவர்தான் எடுத்துப் பேசினார். கடைசி எபிசோடில் டப்புவின் குரலைச் சேனல் ஏற்கவில்லை. ஜெசிந்தா அதை முழுக்கத் திரும்பப் பேசுகிறாள். அடுத்த சீசனும் அவள்தான். சார் நேரில் வந்து சொல்ல நினைத்தாராம், வர மனசு வரவில்லையாம்.

இவர் போனை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "எட்டு வருஷமா பத்து வயசுலயே நின்னுட்ட. பதினொண்ணுக்கு வா, போதும்" என்றார்.

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: 'சோறு வேணுமா வேணாமா?'

ஜூலை 29, செவ்வாய்

ஜெசிந்தா வந்தாள். செருப்பை வாங்கிப் போக வந்ததாகச் சொன்னாள். காலில் புதுச் செருப்பு இருந்தது. வாசலில் கழற்றி, வழக்கம்போலத் திருப்பி வைத்தாள்.

காபி கொடுத்தேன். நான் குடிக்கவில்லை. மேஜையில் காலண்டர் தாள்களும் பேனாவும் இருந்தன. 'எனக்குத் தெரியாது' என்று எழுதி அவள் பக்கம் தள்ளினேன்.

"தெரியும்க்கா, உங்களுக்குத் தெரியாதுன்னு." தாளை என் பக்கம் திருப்பித் தள்ளி, "அந்த வரிய நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. ஆனா பயந்துக்கிட்டு சொன்னீங்க. அதட்டி சொன்னீங்க. அது அப்படி இல்லக்கா" என்றாள்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சிரிச்சுக்கிட்டே சொன்னது. அப்ப ஒண்ணும் தெரியாதுல்ல. தங்கச்சிக்குக் கிறிஸ்மஸுக்கு வாங்கின செருப்பு, வெள்ளையில பூ வச்சது. மறுநாள் காலையில மணல்ல இறங்குனா அழுக்காயிரும்னு தோணி மேல கழட்டி வச்சிருந்தா. தண்ணி உள்வாங்கிப் போச்சு. எல்லாரும் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கறோம். அம்மா வீட்டுக்குக் கூப்புட்டாங்கன்னு நான் கௌம்புனேன். இவ செருப்பு செருப்புன்னு திரும்பி ஓடுறா. சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு நான் பாட்டுக்கு நடந்தேன்." காபியைக் கீழே வைத்தாள். "பிலோமினா. பிலோன்னு கூப்புடுவோம். ஏழு வயசு."

நான் எழுதினேன்: 'அவ என்ன பதில் சொன்னா?'

ஜெசிந்தா தாளை எடுத்துப் படித்தாள். படித்ததையே திரும்பப் படித்தாள்.

"ஏதோ சொன்னா. காதுல விழல."

போகும்போது பழைய செருப்பின் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஆட்டோவில் ஏறினாள். அவள் டப்புவைப் பேசப் போவதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தியேட்டருக்குப் போனேன். குடையை எடுத்து வர என்று இவரிடம் எழுதிக் காட்டினேன். வானம் பளிச்சென்று இருந்தது. அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார்.

காலையிலேயே ஜெசிந்தா டப்புவை முடித்திருந்தாள். கூட்டக் குரல் மட்டும் பாக்கி. அவள் டப்பு ஆகிவிட்டதால் கூட்டத்தில் நிற்கவில்லை. ஒரு ஆள் குறைந்தது. நான் போய் நாலு பேரோடு நின்றேன். கோதண்டம் அண்ணன் என்னைப் பார்த்து, "என்ன டப்பு, உங்க ஊரு நெசமாவே அழிஞ்சு போச்சா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாய மட்டும் அசை. தலைக்கணக்குக்கு நிக்கறன்னு வச்சுக்கறோம்" என்றார்.

ஹெட்போனில் ஜெசிந்தாவின் டப்பு ஓடியது. கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டேன். எட்டு வருடம் என் தொண்டையில் இருந்த பையன் அவள் தொண்டையில் சுகமாக இருந்தான். அந்த வரி வந்தது. சிரித்துக்கொண்டே, பாதி திரும்பி நடந்தபடி சொன்ன மாதிரி: "செருப்ப விடுடி. விட்டுட்டு வா." நான் பதினாலு டேக்கில் தேடியது. வயிற்றில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. இன்று அதற்குப் பெயர் வைக்காமல் விட்டேன்.

அந்த வரிக்குப் பிறகு, அலை எழுவதற்கு முன், படத்தில் சின்ன இடைவெளி. யாரும் பேசுவதில்லை. மினி கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள்.

முதல் டேக்கில் வாயை அசைத்தேன். நாலடி தள்ளி, இரண்டாவதிலும் அசைத்தேன். மூன்றாவதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பினோம். சுவரில் ஒட்டியிருந்த கம்பளம் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது. எட்டு வருடம் முன்பும் அது பிய்ந்துதான் இருந்தது.

இடைவெளி வந்ததும் சொன்னேன். கத்தவில்லை. ஏழு வயதுப் பெண் குழந்தைக்குக் கத்த வேண்டியதில்லை. மேலண்ணத்தில் குரலை ஒட்டி வைத்து, கொஞ்சம் மூச்சிரைக்க விட்டால் போதும். அது எனக்குத் தெரிந்த வேலை. அந்தத் தியேட்டரில் எனக்கு மட்டும் தெரிந்த வேலை.

"விட்டுட்டேங்க்கா. இந்தா வர்றேன்."

மற்ற நாலு பேரும் அலறலை ஆரம்பிக்க மறந்து நின்றார்கள். ஸ்பீக்கரில் ஏகாம்பரம் சார், "யாரு அது? மினிக்கு அங்க வசனமே கெடையாதே. இன்னொரு டேக் போயிடலாம்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா கன்சோல் மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றிருந்தாள். முகம் தெரியவில்லை. மைக் பொத்தான் இன்னும் அமுங்கியிருந்ததால் அவள் குரல் எங்களுக்குக் கேட்டது.

"வேணாம் சார். இருக்கட்டும்."

முபாரக் குறித்துக்கொண்டான்.

அலறலை மட்டும் தனியாக எடுத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் எல்லோருடைய செருப்பும் குவியலாகக் கிடந்தது. என்னுடையது அதில் இல்லை. தனியாக, வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. உள்ளே ஜெசிந்தா சாரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காமல் இருந்தாள்.

ஒளிபரப்பாகும்போது எந்த வரியை வெட்டிப் போடுகிறார்கள் என்று பார்க்கலாம். என்னுடையதுதான் என்று நினைக்கிறேன்.

மாலை தொண்டை மோசம். டாக்டருக்கு 'பேசவில்லை' என்று எழுதினால் பொய். ஒரு வரி பேசினேன். குடையை மறுபடியும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.